விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடலாமா?



மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றை அதன் அம்மாயி தோளில் சுமந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வலக் கன்னம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது, காய்ச்சல் இருந்தது, இரண்டு இரவுகளாகக் குழந்தை உறங்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தபோது மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறுவரை கரைந்திருந்தன. கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. பற்கள் கறுத்து ஓராண்டு ஆயிற்று என்று தெரிந்தது. “விழுந்து முளைக்கிற பல்லுதானுங்களே டாக்டர், அதான் விட்டுட்டோம்” என்றார் அந்த அம்மாயி.

இவ்வொரு சொற்றொடரை மங்கலத்திலும் சுற்று வட்டாரத்திலும் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அக்கறையின்மையால் எவரும் இதைச் சொல்வதில்லை; உண்மையாகவே அப்படி நம்புகின்றனர். அந்நம்பிக்கை ஏன் பிழையானது என்பதையும், வீட்டில் செய்ய வேண்டியது என்ன என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

பால்பற்கள் எத்தனை காலம் இருக்கின்றன?

ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ் முன்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும் என்பது உண்மையே. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையாகும் கடைவாய்ப் பல் இன்னும் ஏழு, எட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய பல் என்பதை நினைவில் கொள்க.

உணவை மெல்வதும், சொற்களைத் தெளிவாக உச்சரிப்பதும் மட்டும் அவற்றின் பணிகள் அல்ல. ஒவ்வொரு பால்பல்லும் தனக்குப் பின் வரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. அது காலத்துக்கு முன் போய்விட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். நிலைப்பல் கோணலாக முளைக்கும். மேலும், நிலைப்பல்லின் முளை பால்பல்லின் வேருக்கு அடியிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. வேரில் சீழ் நீடித்தால் அம்முளையும் பழுதுபட்டு, புதிய பல் கறையோடும் குழிகளோடும் வெளிவரக்கூடும்.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது?

வாயில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தைச் சுரக்கின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் ஓரளவு அமிலத்தைக் கழுவிச் சரிசெய்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை உறங்கினால், இரவு முழுவதும் பற்கள் அமிலத்தில் ஊறுகின்றன. கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. மேல் முன்பற்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. எனவேதான் முதலில் அவை பாதிக்கப்படுகின்றன. பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லினதைவிட மெல்லியது. ஆகையால் சொத்தை விரைவில் நரம்பை எட்டிவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. உலகெங்கும் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆயினும் நம் வட்டாரத்தின் வாழ்க்கை முறை இந்நோய்க்கு வழி திறந்து வைத்திருக்கிறது. தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துக் களைத்துத் திரும்பும் வீட்டில், அழும் குழந்தையை உறங்கவைக்கப் புட்டிப்பாலே எளிய வழியாகத் தோன்றுகிறது. பகலில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ இருக்கும் குழந்தைக்கு டீயும் வர்க்கியும் அடிக்கடி கைக்கு வருகின்றன. இதைக் குற்றமாக நாங்கள் கூறவில்லை. எந்தப் பழக்கத்தை மாற்றினால் பெரும் பயன் கிட்டும் என்பதையே சுட்டுகிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, இரவுப் புட்டியை நிறுத்துங்கள். ஒரே நாளில் முடியாது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பின்பு உறங்கும் நேரத்துப் பாலில் நாள்தோறும் சிறிது சிறிதாக நீரைக் கூட்டி, ஒன்றிரண்டு வாரங்களில் வெறும் நீராக்கிவிடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, இரவு உணவுக்குப் பின் பாலை டம்ளரில் கொடுத்து, பல் துலக்கி, அதன் பிறகு உறங்க வையுங்கள். தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அதை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். ஆனால் பல் முளைத்தபின் நாள்தோறும் துலக்குவது கட்டாயம்.

இரண்டாவது, முதல் பல் தெரிந்த நாளிலிருந்து காலையும் இரவும் மென்மையான சிறு பிரஷ்ஷால் துலக்குங்கள். மூன்று வயது வரை அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் புளோரைடு பற்பசை போதும். நுரையைத் துப்பச் செய்யுங்கள். துலக்கியபின் மிகுதியான நீரால் கொப்பளிக்க வேண்டாம். சாம்பல், கரித்தூள், செங்கல்பொடி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும். அதற்குமுன் குழந்தையின் கைக்கு அத்திறன் வருவதில்லை.

புளோரைடு பற்களைக் கெடுக்காதா என்று சிலர் வினவுகின்றனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அந்நீரை ஆண்டுக்கணக்கில் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. அரிசி மணி அளவுப் பற்பசையால் அந்நிலை வருவதில்லை. குழந்தை பற்பசைக் குழாயை எடுத்துத் தின்னாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தின்பண்டத்தின் அளவைக் காட்டிலும் எத்தனை முறை தின்கிறது என்பதைக் கவனியுங்கள். மிட்டாயோ பிஸ்கட்டோ கொடுப்பதாயின் உணவோடு ஒருமுறை கொடுங்கள். இடைவேளைகளில் கடலை, சுண்டல், பழம், நீர் ஆகியவை நல்லவை. சிறு குழந்தைக்குக் கடலையை நசுக்கியே தர வேண்டும்.

நான்காவது, ஞாயிறுதோறும் வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் நிலை. இந்நிலையில் துளையிடாமலே, துலக்குதலாலும் புளோரைடு பூச்சாலும் அதைத் தடுத்து நிறுத்தலாம்.

ஆறு வயதில் ஒரு கவனம்

எந்தப் பல்லும் விழாமலே, பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் ஆறு வயதளவில் புதிய கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. பலர் இதையும் பால்பல் என்று எண்ணிவிடுகின்றனர். இது வாழ்நாள் முழுவதற்குமான பல். போனால் மறுபடி முளைக்காது.

மருத்துவம்

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நன்று. நோயின் நிலைக்கேற்பப் பல்லை அடைத்தல், வேர் சிகிச்சை, எஃகு உறை பொருத்துதல் ஆகியவை செய்யப்படுகின்றன. ஒத்துழைக்க இயலாத சிறு குழந்தைகளுக்குச் சில்வர் டையமின் புளோரைடு என்னும் திரவத்தைத் தடவிச் சொத்தையின் பரவலை நிறுத்தலாம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சொத்தையான இடம் கறுத்துவிடும் என்பதை முன்னரே அறிந்திருங்கள். பல்லை எடுக்க நேர்ந்தால், இடத்தைக் காக்கும் கம்பி தேவையா என்று கேளுங்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பற்களையும் பார்க்கிறது. அக்குழு வரும் நாளில் குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள்.

கன்னம் அல்லது தாடைக்கீழ் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமை, கண் மூடிக்கொள்ளுதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்கு வாருங்கள். சீழ் கழுத்துக்குள் பரவினால் மூச்சுக்கே இடர் நேரலாம். பெரியவர்களின் வலி மாத்திரையை உடைத்துத் தருவதும், ஈறில் கிராம்பு எண்ணெய் தடவுவதும் வேண்டா.

நாம் முதலில் கூறிய குழந்தை உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, சீழ் அகற்றப்பட்டு, நலமடைந்து வீடு திரும்பியது. தாய் அந்நாள்களில் வேலைக்குச் செல்ல இயலவில்லை. பற்கள் கறுக்கும் முன்பே, அவற்றில் வெண்கோடு மட்டும் இருந்த நாளில் அரைநாள் ஒதுக்கி வந்திருந்தால், குழந்தைக்கு வலியும் இல்லை. தாய்க்கு அத்தனை நாள் சம்பள இழப்பும் இல்லை. வரும் ஞாயிறு உங்கள் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் தயங்காமல் எங்களிடம் அழைத்து வாருங்கள்.