அயர்லாந்தின் ஓநாய் வேட்டைநாய்

யானை 60, 70 ஆண்டுகள் வாழ்கிறது; எலியோ இரண்டு மூன்று ஆண்டுகளில் மடிகிறது. உடல் பெருத்தால் ஆயுளும் நீளும் என்பது பாலூட்டிகளிடையே பொதுவாகக் காணப்படும் முறை. ஆனால் நாய் இனத்துள் மட்டும் நுழைந்து பார்த்தால் இம்முறை தலைகீழாகி விடுகிறது. சிறு நாய்கள் 15 ஆண்டுகள்கூட வாழ, பெருநாய்கள் பல அதில் பாதியை எட்டுவதே அரிது. விலங்கியல் பயிலும் எனக்கு இம்முரண் நெடுநாளாக வியப்பளித்து வருகிறது. ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் எனப்படும் ஓநாய் வேட்டைநாயின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றமும் இயல்பும்

நாய்களுள் மிக உயரமானவற்றுள் இஃது ஒன்று. ஆண் நாய் தோள்வரை 79 சென்டிமீட்டருக்கும், பெண் நாய் 71 சென்டிமீட்டருக்கும் குறையலாகாது என்பது விதி. ஆணின் எடை 54.5 கிலோவுக்கு மேலிருக்க வேண்டும். சொரசொரப்பான மயிர், நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு ஆகியன இதன் அடையாளங்கள். உருவத்தைக் கண்டு அஞ்சுவோர் இதன் குணத்தை அறியாதவரே. மனிதரிடம் மிகவும் சாந்தமாகப் பழகும் நாய் இது. ஆதலின் வீட்டுக் காவலுக்கு இதனை நம்புவதற்கில்லை.

அழிவும் மீட்பும்

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ரோமானியப் பெருமகன் சிம்மாக்கஸ் தமக்கு அனுப்பப்பட்ட ஏழு அயர்லாந்து நாய்களைக் கண்டு ரோம் நகரமே வியந்ததாகக் கடிதம் எழுதினார். பின்னாளில் இந்நாய்கள் அரசர்க்கும் பிரபுக்களுக்கும் பரிசாகப் பிறநாடுகளுக்குச் சென்றவண்ணம் இருந்தன. அயர்லாந்தில் ஓநாய்த் தொல்லை மிகுந்திருந்தமையால், 1652-இல் கிராம்வெல் ஆட்சியினர் இவற்றை வெளியே கொண்டு செல்லக்கூடாதெனத் தடை விதித்தனர். அந்நாட்டின் கடைசி ஓநாய் 1786-இல் கொல்லப்பட்டதென்பர். ஓநாய் ஒழிந்ததும் வேட்டைநாய்க்கும் வேலையற்றுப் போயிற்று. இனம் அருகியது.

1860-களில் கேப்டன் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரகாம் என்பவர் இதனை மீட்க முற்பட்டார். எஞ்சியிருந்த சில நாய்களை ஸ்காட்லாந்தின் மான்வேட்டை நாய்களோடு கலந்தார். கிரேட் டேன், ரஷ்யாவின் போர்சாய் முதலியவற்றின் இரத்தமும் சேர்ந்தது. 1885-இல் இவ்வினத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1902 முதல் பிரிட்டிஷ் இராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் படையும் இந்நாயைத் தன் சின்னமாகக் கொண்டுள்ளது. நாம் இன்று காண்பது பழைய நாயின் உருவில் அமைத்த ஒரு புது இனம் என்பதே பொருந்தும்.

விலை என்ன?

உருவத்தை இவ்வளவு விரைவில் வளர்த்தெடுக்க முடிந்தது எங்ஙனம்? நாயின் பருமனைத் தீர்மானிப்பதில் ஒருசில மரபணுக்களுக்கே பெரும்பங்கு உண்டு. ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு அவற்றுள் ஒன்று என்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆனால் அவ்வுருவத்திற்கு ஆயுள் விலையாகிறது. 74 நாய் இனங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, பெருநாய்கள் சிறுநாய்களைவிட விரைந்து மூப்படைகின்றன என்றும், எடையில் ஏறத்தாழ இரண்டு கிலோ கூடுந்தோறும் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறதென்றும் கண்டது. ஓநாய் வேட்டைநாயின் சராசரி ஆயுள் ஏழாண்டு அளவே.

எலும்புப் புற்றுநோயும், இதயத் தசை தளர்ந்து விரிவடையும் நோயும் இவற்றைப் பெரிதும் மாய்க்கின்றன. மூதாதை நாய்கள் மிகச் சிலவே ஆதலின், நெருங்கிய உறவிலேயே கலப்பு நிகழ்ந்தது. உலகப் போர்களின்போது இனம் மேலும் குறுகியது. அவ்வாறு குறுகும்போது, தாய் தந்தை இருவரிடமும் மறைந்து கிடக்கும் குறைபாடு குட்டியில் ஒன்றுகூடி வெளிப்பட வாய்ப்பு மிகுகிறது. இதய நோயோ பெரும்பாலும் நான்கைந்து வயதில்தான் தெரியவரும். அதற்குள் அந்நாய் குட்டிகளுக்குத் தாயோ தந்தையோ ஆகியிருக்கும்!

பேணும் முறை

பிறக்கையில் அரைக் கிலோவுக்குச் சற்று மிகுந்த குட்டி, ஓராண்டில் ஏறத்தாழ முழு உயரத்தை எட்டுகிறது. இக்காலத்தில் கொழுக்க ஊட்டுவதும், கூடுதலாகச் சுண்ணாம்புச் சத்து கொடுப்பதும் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். நெடுந்தூரம் ஓட்டுவதும் மாடிப்படி ஏற்றுவதும் ஆகா. படுக்கை மெத்தென்றிருக்க வேண்டும்.

ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக் கொள்வதுண்டு. வயிறு புடைத்து, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராவிடில், அந்த நாழிகையே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் பிழைக்காது. உடலில் கொழுப்புக் குறைவாதலின், மயக்க மருந்து கொடுக்கையிலும் மருத்துவர் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

வேலை கிடைத்ததும் இந்நாயை வாங்கிவிடுவதாக நம் விடுதி நண்பர் சிலர் கூறுகின்றனர். குளிர்நாட்டு மயிர் போர்த்த இவ்வுடல் நம் நாட்டுக் கோடையை எங்ஙனம் தாங்கும் என்பதை அவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கிரகாம் காலத்தில் அளக்க முடிந்தவை உயரமும் எடையுமே. இன்று இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியவும், ஒலியலை கொண்டு அதன் அமைப்பைக் காணவும் கருவிகள் உள. ஆண்டுதோறும் அவற்றால் சோதித்து, நெடுநாள் வாழ்ந்த நாய்களின் வழியிலேயே இனத்தைப் பெருக்கினால் ஆயுளும் சிறிது சிறிதாகக் கூடலாம். ஆகவே, எங்கேனும் இந்நாய்க்குட்டியை விலைபேச நேர்ந்தால், தந்தையின் உயரத்தைக் கேட்குமுன், அதன் பாட்டனும் பாட்டியும் எத்தனை வயதில், எந்நோயால் இறந்தன என்று கேளுங்கள்.