முதல் லெவலில் ஒரு டிரோல்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து வார இறுதிகளில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். நான்தான் டன்ஜியன் மாஸ்டர். புதிய கதையை எல்லாரும் முதல் லெவலிலிருந்து தொடங்கப் போகிறோம். ஒரு தோழி, டிரோலாகத்தான் ஆடுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வெட்ட வெட்டத் தானே ஆறிவிடும் உடம்பை ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதானே? இதற்கு ஈடாக, டிரோலை ஊருக்குள் விடமாட்டார்கள் என்று விதி வைத்தால் சரியாகுமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: தாராளமாக ஆடட்டும். 1974-இல் வெளிவந்த முதல் விதிநூலிலேயே இதற்கு இடம் உண்டு. டிராகனாகக்கூட ஆடலாம், ஆனால் இளசாக, பலம் குறைந்ததாகத் தொடங்கி வளர வேண்டும் என்கிறது அது. பின்னால் வந்த கணக்குகள் எல்லாவற்றையும்விட இந்த யோசனைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மூன்றாம் பதிப்பு வேறு வழியில் போனது. அரக்கனின் மொத்த பலத்துக்கும் லெவலில் விலை போட்டது. அதன் திருத்தமான 3.5 விதிப்படி டிரோலுக்கு 6 ஹிட் டைஸ், அதற்கு மேல் லெவல் அட்ஜஸ்ட்மென்ட் 5. ஆக, 11-ஆம் லெவல் குழுவில்தான் அது சேர முடியும். ஆடிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். பக்கத்தில் நிற்கும் ஃபைட்டரின் அடிப்படைத் தாக்குதல் போனஸ் 11, டிரோலுக்கு 4. அசுர பலத்தைக் கூட்டினாலும் இந்த இடைவெளி முழுதாக அடைபடாது. புத்தகத்தில் உள்ள டிரோலின் சராசரி ஹிட் பாயின்ட் 63, வில் சேவ் வெறும் 3. அந்த லெவலில் எதிரி மந்திரவாதி நினைத்தால் அதைச் சுலபமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். சண்டை முடிந்ததும் கதை தலைகீழ்: கிளெரிக்கின் தயவே இல்லாமல், செலவே இல்லாமல், டிரோல் முழுதாகத் தேறிவிடும். சண்டையில் நோஞ்சான், ஓய்வில் ராஜா. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.

அதனால் டிரோலை மொத்தமாக எடை போடாதீர்கள். ஒவ்வொரு திறனாகப் பிரித்து, இதே திறன் மற்ற வகுப்பினருக்கு எந்த லெவலில் கிடைக்கிறது என்று பாருங்கள். 2014 விதிநூலில் சாம்பியன் ஃபைட்டருக்குத் தானாக ஆறும் சக்தி 18-ஆம் லெவலில்தான் வருகிறது. அதுவும் பாதி ஹிட் பாயின்ட் வரைக்கும்தான். பறப்பதும் அப்படியே. மந்திரவாதி 5-ஆம் லெவலில் கற்கும் ஃப்ளை மந்திரம் பத்து நிமிடம் நிற்கும்; கவனம் கலைந்தால் விழ வேண்டியதுதான். ஆராகோக்ரா என்ற பறவை இனமோ முதல் நாளே நாள் முழுக்கப் பறக்கும். பல டன்ஜியன் மாஸ்டர்கள் அதை வேண்டாம் என்பது இதனால்தான்.

உங்கள் தோழியின் டிரோல் இளசாக, ஆள் உயரத்தில் இருக்கட்டும். நகத்துக்கு ஆறுமுகப் பகடை ஒன்று, இருட்டில் பார்வை, இவை போதும். ஆறும் சக்திக்கு நான் எழுதும் விதி இது: தன் முறையில் போனஸ் ஆக்‌ஷன் செலவழித்து, தன் ஹிட் டைஸில் ஒன்றை உருட்டி, வருவதோடு கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையரைச் சேர்த்துத் தேறிக்கொள்ளலாம். ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே புரஃபிஷியன்ஸி போனஸ் எவ்வளவோ அத்தனை தடவை. தன் முந்தைய முறைக்குப் பிறகு தீயோ அமிலமோ பட்டிருந்தால் கிடையாது. ஓய்வில் எடுக்க வேண்டியதைச் சண்டையிலேயே எடுத்துவிடுகிறாள். கூடுதலாக எதுவும் வரவில்லை. வெட்டுண்ட கை முளைப்பது 13-ஆம் லெவலில் வரட்டும். கிளெரிக்குக்கு ரீஜெனரேட் மந்திரம் கிடைப்பதும் அப்போதுதான். முழு டிரோல் உடம்பு 18-க்கு முன் வேண்டாம்.

ஊருக்குள் விடாத விதி மட்டும் வேண்டவே வேண்டாம். எப்போதாவது வரும் தொல்லை, எப்போதும் இருக்கும் பலத்துக்கு விலையாகாது. 2016-இல் வந்த வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ் நூலில் கோபோல்டு இனத்துக்கு வெயில் ஆகாது. பதிலுக்கு, கூட்டாளி அருகில் இருந்தால் தாக்குதலில் அட்வான்டேஜ். கதை முழுக்கப் பாதாளத்தில் நடந்தால் வெயிலுக்கு எங்கே போவது? கோபோல்டை மாற்றி எழுதிய 2022 நூலில் இரண்டையுமே எடுத்துவிட்டார்கள். தவிர, ஊர்வாசலில் டிரோல் நின்றால் தோழியோடு மற்றவர்களும்தான் காத்துக் கிடப்பார்கள். வாசற்காவலனோடு பேரம் பேசும் காட்சி நன்றாக வரும், அதை ஆடுங்கள்.

ஆறும் சக்திக்கான விதியை எழுதி, முதல் நாளே எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். சில வாரம் கழித்து மாற்ற வேண்டிவரலாம் என்றும் அப்போதே சொல்லிவையுங்கள். பிறகு, யாருக்காவது தன் பாத்திரத்துக்கு வேலையே இல்லை என்று தோன்றுகிறதா என மற்றவர்களிடம் கேளுங்கள். தோழியிடம் அல்ல, மற்றவர்களிடம்.