கேட்டவரிடம் உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகுமா?

 



சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு தகப்பனார் என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகன் காவலர் தேர்வில் தேறியிருந்தான். சாத்தூர், சிவகாசி, இருக்கன்குடி வட்டாரத்தில் அது சாதாரணச் செய்தியல்ல. மருந்து வாடையோடு வீடு திரும்பும் குடும்பங்களுக்கு ஒரு காக்கிச் சட்டை என்பது தலைமுறைக் கனவு.

ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "ஹஜ்ரத், பையன் முன்னாடி ஒரு பட்டாசுக் கிடங்குல கணக்கு எழுதினான். இருப்புப் பதிவேட்டுல பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கிட்டான். கேஸ் ஆச்சு, அப்புறம் சமாதானமாப் போச்சு. இதைப் படிவத்துல எழுதணுமா? ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்க வந்தா, நீங்க நல்ல பையன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

இந்த வார நம் பாடம் அவர் கேட்ட கேள்விதான்.

காவலரின் பொய் ஏன் கனமானது?

நாம் சொல்லும் பொய்யை மற்றவர்கள் சந்தேகிக்கலாம். காவலர் எழுதும் முதல் தகவல் அறிக்கையோ ஒருவரைச் சிறைக்கு அனுப்பும். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். பக்கத்துக் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தார்கள். ஒன்பது காவலர்கள் மீது சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில், அடித்தது மட்டுமல்ல, பொய்யாக வழக்குப் புனைந்ததும் குற்றச்சாட்டாக இருந்தது. அன்றிரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியமாகச் சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி. உடன் வேலை செய்பவர்களுக்கு எதிராக உண்மையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லாமலும் கேட்காமலும் விட்டால்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22 அன்று, பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் தமீர் ரைஸை ஒரு காவலர் சுட்டார். மறுநாள் சிறுவன் இறந்தான். அந்தக் காவலர் அதற்கு முன் வேறொரு சிறிய ஊரின் காவல் துறையில் இருந்தவர். "இவர் இந்த வேலைக்குப் பொருத்தமானவர் அல்ல" என்ற கருத்தை மேலதிகாரி அங்கே கோப்பில் எழுதி வைத்திருந்தார். கிளீவ்லாந்து அந்தக் கோப்பைப் பார்க்காமலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. சுட்டதற்காக அவர் மீது குற்றவழக்கு நடக்கவில்லை. ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தார் என்பதற்காக 2017-ல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நீக்கப்பட்டபோது பிள்ளையை இழந்து தாய்க்கு இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது.

புறம் பேசுதலும் அமானிதமும்

"அடுத்தவன் குறையைச் சொன்னால் ஹராமாச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், புறம் பேசுவதை ஸூரத்துல் ஹுஜுராத் 12-வது வசனம், இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது. அதே அத்தியாயத்தின் 6-வது வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு கட்டளையிடுகிறது. அறிந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் விசாரிப்பது எப்படி?

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர் என்றும் மற்றவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்றும் நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதுபோன்ற ஆதாரங்களைக் கொண்டுதான் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களில் ஒன்றாக, ஆலோசனை கேட்பவரை எச்சரிப்பதைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஓர் ஊரின் பாதுகாப்பை ஒப்படைக்கும்போது சொல்லவும் வேண்டுமா?

"பிறர் குறையை மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் அல்லவா?" என்றும் கேட்பார்கள். அது, தவறு செய்தவனோடு முடிந்துபோகும் பாவத்திற்கு. அடுத்தவர் உரிமைக்கு ஆபத்து வரும் இடத்தில் மறைப்பது, சாட்சியத்தை மறைப்பதாகிவிடும். அப்படி மறைப்பவனின் உள்ளம் பாவத்தில் இருக்கிறது என்று அல்பகரா 283-வது வசனம் எச்சரிக்கிறது.

எல்லைகள்

இதற்கு எல்லையும் உண்டு. கேட்கும் உரிமை உள்ளவரிடம் மட்டும் சொல்லுங்கள். டீக்கடையில் சொன்னால் அது புறமேதான். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்; வதந்தியைச் சேர்க்காதீர்கள். அந்த வேலைக்குத் தொடர்புள்ளதை மட்டும் சொல்லுங்கள். அவர் திருந்தியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை விட்டுவிடுவதும் அநீதிதான்.

உமர் (ரலி) அவர்கள் முன் ஒருவர், இன்னொருவரை நல்லவர் என்று சான்று சொன்னார். நீர் அவருக்குப் பக்கத்து வீடா, காசு பணத்தில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தீரா, பயணம் போனீரா என்று உமர் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றதும், உமக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். தெரியாமல் நன்னடத்தைச் சான்றில் கையெழுத்துப் போடும் என் போன்ற இமாம்களுக்கும் முத்தவல்லிகளுக்கும் இது பெரும் பாடம்.

விண்ணப்பிக்கும் இளைஞனுக்கு

2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. வழக்கு, கைது, தண்டனை பற்றி வேலை தருபவருக்குக் கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது. இளவயதில் செய்த அற்பக் குற்றத்தை மறைத்திருந்தால், வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு. உண்மையை எழுதியவருக்கும் வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை.

அதாவது, உண்மையைச் சொன்னால் வேலை நிச்சயம் என்று உலகம் உத்தரவாதம் தரவில்லை. தவ்பா செய்தால் அல்லாஹ் மன்னிப்பான்; அந்த மன்னிப்பு, படிவத்தில் பொய் எழுதும் அனுமதிச் சீட்டு அல்ல. பழைய பொய்யை மறைக்கப் புதிய பொய் எழுதுபவன் தவ்பாவையே முறித்துக்கொள்கிறான்.

அந்தத் தகப்பனாரிடம் இதைத்தான் சொன்னேன். "என்னிடம் விசாரிக்க வந்தால், பதிவேட்டு விஷயத்தையும் சொல்வேன். அதற்குப் பிறகு அவன் கிடங்குக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, நஷ்டத்தைச் சம்பளத்தில் கட்டி முடித்ததையும் சொல்வேன்." அவர் வருத்தத்தோடு எழுந்து போனார். மறுநாள் மகனே வந்து, நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். வேலை கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. அவனுக்காக துஆச் செய்யுங்கள்.

உங்கள் வாசலுக்கும் ஒருநாள் விசாரணை வரும். அன்று உறவையும் பயத்தையும் பார்க்காமல், அல்லாஹ் பார்க்கிறான் என்ற நினைவோடு பேசுங்கள். உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிரானதாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பதே ஸூரத்துன் நிஸா 135-வது வசனத்தின் கட்டளை.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளை உண்மையில் நிலைபெறச் செய்வானாக! நம் பிள்ளைகளை அமானிதம் பேணுபவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.