சம்பளம் 12,000, செலவு 16,000! எக்ஸெலில் ஓர் எளிய கணக்கு

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, சிறு தொழிலும் நடத்தும் வாசகர்களுக்கு இந்தப் பாடம் பயன்படும். இது நான் பணம் இழந்து கற்றுக்கொண்ட கணக்கு.

நான் சிறிய டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். 2022இல் டைப்பிங் வேலைக்கு ஒரு பெண்ணை மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் சேர்த்தேன். "12,000ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 400 ரூபாய்" என்று மனக்கணக்குப் போட்டு, அதை வைத்தே அழைப்பிதழ், பில் புக் வேலைகளுக்கு விலை சொன்னேன். வேலை நிறைய வந்தது; கையில் பணம் நிற்கவில்லை. இரண்டு முறை சம்பளம் கொடுக்கத் தாமதமானது. ஓராண்டு முடிந்ததும் அவர் வேறு இடத்திற்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் எக்ஸெலைத் திறந்து உட்கார்ந்தேன்.

நீங்களும் செய்து பாருங்கள். ஏ நெடுவரிசையில் செலவின் பெயரையும், பி நெடுவரிசையில் தொகையையும் டைப் செய்யுங்கள். சம அடையாளத்தில் தொடங்கினால் எக்ஸெலே கணக்குப் போட்டுவிடும். ஒவ்வொன்றையும் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

1. ஆண்டுச் சம்பளம்: =12000*12
2. தீபாவளி போனஸ் (ஒரு மாதச் சம்பளம்): 12000
3. கம்ப்யூட்டர், மேசை, நாற்காலி (36,000 ரூபாய், 3 ஆண்டு உழைக்கும்): =36000/3
4. வேலை பழகிய முதல் மாதம் (பாதி வேலைதான் நடந்தது): 6000
5. மின்சாரம், இன்டர்நெட், டீ: =1500*12
6. மொத்தம்: ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 1,92,000 வரும். மாதத்திற்கு 16,000!
7. வேலை நாட்கள்: =365-52-9-12

ஏழாவது வரியில் ஞாயிறு 52, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை 9, அவர் எடுத்த லீவு 12. மீதி 292 நாட்கள்.

எட்டாவது வரியில் சம அடையாளம் போட்டு, மொத்தம் உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். வகுத்தல் குறி (/) போட்டு, வேலை நாட்கள் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஏறத்தாழ 658 ரூபாய் வரும். நான் விலையில் சேர்த்ததோ 400. 292 நாட்களுக்கு 1,16,800தான் ஆகிறது. மீதி 75,200 ரூபாய் என் கையிலிருந்து போயிருக்கிறது!

ஆட்கள் கூடினால் வரிகளும் கூடும். பொதுவாக 10 பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. வரும். முதலாளியின் பங்கு 2019 ஜூலை முதல் 3.25 சதவீதம், 12,000 ரூபாய்க்கு மாதம் 390. 20 பேர் ஆனால் பி.எஃப். உண்டு. அதில் முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். நிர்வாகக் கட்டணம் தனி. இவற்றை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு அந்தந்த வரியில் சேருங்கள்.

ஆள் வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நான்காவது வரியைப் பாருங்கள். அதே ஆள் நிலைத்தால் மறு ஆண்டு அந்த 6,000 கிடையாது. அவர் போய்விட்டால் மறுபடியும் அந்தச் செலவு வரும். எனவே சரியான விலை சொல்லுங்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். இப்போது புதிய ஆளை எடுப்பதற்கு முன்பே இந்த ஒர்க் ஷீட்டைத் திறந்துவிடுகிறேன். நீங்களும் உங்கள் தொகைகளைப் போட்டுச் சேவ் செய்து வையுங்கள்.