கராஜில் கார் கட்டப் போகிற பிள்ளைகளுக்கு

போன மாதம் ஹரோவில் ஒரு கலியாண வீடு. இரண்டு பெடியளும் ஒரு பொம்பிளைப் பிள்ளையும் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். “மாமா, நீங்கள் வீட்டிலேயே கார் கட்டினனீங்களாம். எங்களுக்கும் சொல்லித் தாங்கோ.” சாப்பாட்டு வரிசையில் நின்று சொல்லக்கூடிய விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் கட்டியது இரண்டு கார். முதலாவதுக்கு ஒன்பது வருஷம், இரண்டாவதுக்குப் பதினாறு மாதம். இடையில் நான் புதிதாகக் கற்றது எஞ்சின் வேலை இல்லை, அது யாழ்ப்பாணத்திலேயே தெரியும். தொடங்கினதை முடிக்கிற வேலையைத்தான் இங்கே படிக்க வேண்டியிருந்தது.

1. இடத்தை அளந்துபோட்டுத்தான், பாகங்களாக வருகிற கிட் காரைப் பார்க்கவேணும். எங்கள் ஆட்களின் கராஜில் கார் இருக்காது. அரிசி மூட்டை, பழைய குளிர்பெட்டி, பிறந்தநாளுக்கு வாங்கின பிளாஸ்டிக் கதிரைகள்தான் இருக்கும். லோட்டஸ் செவன் மாதிரிக் கார் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடின அகலம், மூன்று மீற்றருக்குச் சற்றுக் கூடின நீளம். கார் உள்ளே போகும், நீங்கள் போகமாட்டீர்கள். இரண்டு பக்கமும் குந்தியிருந்து ஸ்பானர் திருப்ப இடம் வேணும். வீட்டில் இல்லாவிட்டால் லொக்-அப் கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். கரண்ட் இருக்கிறதா என்று முதலே கேளுங்கோ, பலதில் இருக்காது.

லொக்-அப் என்றவுடன் முகத்தைச் சுளிக்க வேண்டாம். கொலின் சாப்மன் 1948இல் முதல் லோட்டஸைக் கட்டியது மஸ்வெல் ஹில்லில், காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த லொக்-அப்பில். ஒரு பழைய ஒஸ்ரின் செவனை வைத்துத்தான் கட்டினார். ஆர்ச்வே றோட்டு முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது கிட்டத்தான். 1952இல் கொம்பனி தொடங்கியதும் பக்கத்து ஹோர்ன்சியில், ஒரு ஹோட்டலின் பின்பக்கத்துக் குதிரை லாயத்தில்தான்.

2. காசு மிச்சம் பிடிக்க இதில் இறங்காதேங்கோ. ஒரு காலத்தில் மிச்சம் பிடித்தார்கள், உண்மைதான். 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பெட்டியில் பாகங்களாக வாங்கினால் கொள்வனவு வரி இல்லை. பூட்டுகிற முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றுகிற முறையை எழுதிக் கொடுத்து, அதைப் பின்னாலிருந்து வாசிக்கச் சொன்னார்களாம். 1973இல் வாற் வந்ததோடு அந்தச் சலுகை போயிற்று. அதே வருஷம் செவனின் உரிமையைக் கேற்றரம் கொம்பனி வாங்கி இன்றுவரை செய்கிறது. 1996இல் ரொன் சாம்பியன் என்பவர் 250 பவுணுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெட்டி ஒட்டி, பழைய ஃபோர்ட் எஸ்கோட்டின் உறுப்புகளைப் பூட்டுகிற முறை. அதை வாசித்துத்தான் எனக்கும் பைத்தியம் பிடித்தது. இன்றைக்கு அந்தக் காசுக்கு நாலு நல்ல ரயர் வாங்கவே இழுபடும். அந்தப் பழைய எஸ்கோட்டுக்கோ இப்போது சேகரிப்பாளர் விலை.

3. எஞ்சின் வாங்க முன்னம், புகை கூடின வாகனத்துக்குக் காசு அறவிடுகிற யூலெஸ் வலயத்தின் விதியைப் பாருங்கோ. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. பெற்றோல் எஞ்சின் யூரோ 4 தரத்துக்கு ஏறாவிட்டால், காரை வெளியே எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். நாற்பது வருஷப் பழசுக்கு விலக்கு இருக்கிறதே என்று கெட்டித்தனம் காட்டாதேங்கோ. அது பழைய வாகனத்துக்கான விலக்கு. பழைய எஞ்சினை நேற்றுக் கட்டின காருக்குள் வைத்தால் அது பழைய வாகனமாகாது. என்னுடைய முதல் கார் இப்படித்தான் வீட்டு வாசலிலேயே கப்பம் கட்டுகிற காராகிப் போனது. நோர்ஃபொக்கில் ஒருவருக்கு விற்றேன்.

4. கழற்ற முன்னம் படம், கழற்றும்போது படம், கழற்றின பிறகும் படம். உறுப்புகளுக்காக ஒரு பழைய மாஸ்டாவைப் பிரித்தால் நூற்றுக்கணக்கான நட்டும் போல்ட்டும் வரும். இன்றைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், எட்டு மாதத்தால் ஒன்றும் இராது. நான் வேலை பழகின யாழ்ப்பாணத்துக் கராஜில் ஒரு ஐயா இருந்தார், எழுத்து வாசனை குறைவு. கழற்றுகிற உறுப்பின் உருவத்தைக் கார்ட்போர்ட் மட்டையில் கரிக்கட்டியால் கீறி, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே மட்டையில் குத்தி வைப்பார். நீளப் போல்ட்டும் கட்டைப் போல்ட்டும் ஒருநாளும் மாறாது. நான் கைத்தொலைபேசியும் வைத்திருக்கிறேன், மட்டையும் வைத்திருக்கிறேன்.

அந்த ஐயா நட்டுக் கழுவியது மண்ணெண்ணெயில். தொண்ணூறில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போனபோது, அதே மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 ஓடியது. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகை, மூக்கெல்லாம் மணம். அந்தக் கெட்டித்தனம் எனக்குப் பெருமைதான். ஆனால் லண்டனில் கார் கட்டும்போது என் கையைக் கெடுத்ததும் அதுதான். எப்படியாவது ஓட வைத்தால் போதும் என்ற பழக்கம் இங்கே செல்லாது. ஏன் என்று அடுத்ததில் வருகிறது.

5. சோதகரின் புத்தகத்தை முதல் நாளே வாசியுங்கோ. வீட்டில் கட்டின கார் றோட்டுக்கு வரவேணும் என்றால் ஐவிஏ என்ற தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேறவேணும். முன்னம் எஸ்விஏ என்று இருந்ததன் இடத்துக்கு 2009இல் வந்தது. சோதகர் எதைப் பார்ப்பார் என்பதை அரசே வெளியிட்டு இலவசமாகத் தருகிறது. கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைக்கிற சோதனை வேறெங்கே உண்டு? அதை வாசிக்காமல் 2012இல் போய் நின்ற மடையன் நான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் எஞ்சின் தாலாட்டுப் போல ஓடியது. சோதகர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் ஒரு உருண்டை, நூறு மில்லிமீற்றர் விட்டம். அது காரின் வெளிப்பக்கத்தில் எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் விளிம்பு குறைந்தது இரண்டரை மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேணும். நடந்து போகிறவர் மேல் உரசினால் வெட்டக்கூடாது, அதுதான் காரணம். என் கண்ணாடித் தாங்கியின் விளிம்பு கூர். நம்பர் பிளேட் தாங்கியின் மூலை கூர். பின் பனி லைற்றை இடப்பக்கம் வைத்திருந்தேன், அது நடுவில் அல்லது வலப்பக்கம் இருக்கவேணும். வளைவில் ஸ்ரியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வரவேணும், என்னுடையது சோம்பிக் கிடந்தது. பிறேக் குழாயைப் போதிய இடங்களில் கிளிப் போட்டுப் பிடிக்கவில்லை. 450 பவுண் கட்டிய சோதனை. மறுசோதனைக்கு இன்னொரு 90. விளிம்புக்கெல்லாம் றப்பர் பட்டி போட இரண்டு பின்னேரம்தான் எடுத்தது.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு யோசித்தேன். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு என்பவர் 1952இல் இரண்டாயிரம் ரூபாய்க் கார் ஒன்றைச் செய்தார், இரண்டு பேர் போகலாம். அரசு உரிமம் கொடுக்கவில்லை, கார் அதோடு நின்றது. இங்கே ஊர் பேர் தெரியாத நான் கராஜில் கட்டினதை, ஒரு அரச ஊழியர் குனிந்து நிமிர்ந்து ஒரு நாள் முழுக்கப் பார்க்கிறார். உருண்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

6. ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதேங்கோ. ஸ்டாண்ட் போட்டு, காரை ஒருதரம் ஆட்டிப் பார்த்துத்தான் போகவேணும். இதற்கு விளக்கம் கிடையாது.

7. ஒவ்வொரு போல்ட்டையும் டோர்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கி, இறுக்கினதும் மஞ்சள் மையால் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கோ. கோடு இல்லாததெல்லாம் இறுக்காதது. பாதியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய் வந்தாலும் குழப்பம் வராது. கோடு விலகியிருந்தால் நட்டு இளகுகிறது. உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் வீசிவிட்டுப் புதிதைப் போடுங்கோ. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

8. பிறேக்கில் காற்று எடுக்க இன்னொரு ஆள் வேணும், அந்த ஆளோடு முதலில் பேச்சை ஒழுங்குபண்ணுங்கோ. எனக்கு மனிசிதான். அவ சமையலறைச் செருப்போடு காருக்குள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரெலிபோன், மறுமுனையில் கனடாவில் இருக்கிற தங்கச்சி. நான் பின் சில்லுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், நிப்பிளில் ஒரு தெளிந்த குழாய், அதன் முனை ஜாம் போத்தலுக்குள். “அமத்தும்… பிடியும்.” நிப்பிளைத் திறந்தால் குழாயில் சின்னச் சின்னக் குமிழி வரிசையாக ஓடும். மூடிய பிறகுதான் “விடும்” என்று சொல்லவேணும். நான் போத்தல் நேராக நிற்கிறதைப் பார்த்து “சரி” என்றேன். அவ காலை எடுத்துவிட்டா. போன காற்றெல்லாம் திரும்பி உள்ளே வந்தது. எழும்பிய அவசரத்தில் போத்தல் தட்டுப்பட்டு, பிறேக் எண்ணெய் புது மட்காட்டில் ஊற்றுண்டு, பெயின்ற் அவித்த உருளைக்கிழங்குத் தோலாக உரிந்தது. அன்றிலிருந்து மூன்று சொல்தான்: அமத்தும், பிடியும், விடும். “சரி” என்ற சொல்லுக்குக் கராஜில் தடை. அவ இறங்கி உள்ளே போகும்போது, “இஞ்சாருங்கோ, ரெடியாக வித்த கார் ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டா.

9. லைற் எரியாவிட்டால் பல்பைச் சபிக்க முன்னம் எர்த்தைப் பாருங்கோ. இரும்புக் காரில் உடம்பே எர்த். கிட் காரின் மட்காட்டும் மூக்கும் ஃபைபர்கிளாஸ், கரண்ட் போகாது. ஒவ்வொரு லைற்றுக்கும் செசி வரை தனி எர்த் வயர் இழுக்கவேணும்.

10. பற்றுச்சீட்டுத் துண்டு ஒன்றையும் எறியாதேங்கோ. நான் பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்தேன். பதிவுக்கு டிவிஎல்ஏ கேட்பது இந்தக் கடதாசிகளைத்தான்: எஞ்சின் எங்கே வாங்கினது, செசி யார் தந்தது, கட்டும்போது எடுத்த படங்கள். புகைச் சோதனையும் எஞ்சினின் வயதை வைத்துத்தான் நடக்கும், வயதுக்குச் சாட்சி வேணும். உறுப்புகளின் பூர்வீகத்தைக் காட்ட முடியாவிட்டால் க்யூ எழுத்தில் தொடங்குகிற நம்பர் கிடைக்கும். அதில் ஒரு வெட்கமும் இல்லை, ஆனால் விற்கும்போது விலை இறங்கும்.

11. ஒரு சனிக்கிழமையையும் வெறுமையாக விடாதேங்கோ. முதல் காரில் நான் வாற விடுமுறைக்கு என்று தள்ளித் தள்ளித்தான் ஒன்பது வருஷம் போனது. இரண்டாவதில் குளிரோ விரதமோ, சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம். ஒன்றும் முடியாத நாளில் ஒரு கிளிப்பாவது பூட்டிவிட்டு வருவேன். பாதியில் நின்ற கிட் கார்கள் எப்போதும் விலைக்கு வந்துகொண்டே இருக்கும். “கொஞ்ச வேலைதான் மிச்சம்” என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

12. சோதனைக்கு நாள் குறித்து, காப்புறுதியும் எடுத்திருந்தால், நம்பர் இல்லாமலே அந்த நிலையத்துக்கு ஓட்டிப் போகச் சட்டம் விடுகிறது. விடிய வெளிக்கிடுங்கோ, இடையில் யாரும் மறித்தால் காட்டக் கடிதம் கையில் இருக்கவேணும். கூரையில்லாத கார் என்றால் அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் போடுங்கோ. என்னுடையது நோர்த் சேர்க்கிளரில் பெய்த மழையில் ஊறிப்போய், சோதகர் அதை ஹீற்றருக்கு மேல் விரித்துக் காயவைத்த பிறகுதான் உருண்டையைக் கையில் எடுத்தார்.