பிடிபட்ட தம்பிக்கு அறிக்கை எழுதப்போவது யார்?

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. மொத்த உறுப்பினர்கள் 40,313 பேர். அதில் இந்தியர்கள் 28,926 பேர். மக்கள்தொகையில் 100-க்கு 7 பேராக இருக்கும் நாம், அந்தப் பட்டியலில் 100-க்கு 70-ஐத் தாண்டினோம். "சினிமா கெடுத்துடுச்சு, பெத்தவங்க சரியில்ல" என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். இந்தப் பாடம் வேறொன்று கேட்கிறது: அந்தப் பிள்ளைகளைத் திருத்தும் வேலையில் நம்மவர் எத்தனை பேர்?

1. சட்டம் சொல்வது

2001 சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் சிறார். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள்; ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் உறுதியானதும் உடனே தண்டனை சொல்வதில்லை. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை முதலில் வரவேண்டும். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்த பிறகே, வீட்டுக்கு அனுப்புவதா, கண்காணிப்பில் வைப்பதா, சமூக நல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளியா, சிறைச்சாலை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளியா என்று முடிவாகும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. பேரனை வளர்த்த பாட்டிக்கு மலாய் சரளமாக வராது. அதிகாரி கேட்கும் கேள்விக்கு "ஆமா", "இல்ல" என்று முடித்துக்கொள்வார். தமிழில் கேட்டால், பையன் எப்போது பள்ளியை விட்டான், யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அந்த விவரம் அறிக்கையில் ஏறுமா, ஏறாதா என்பதில் ஒரு பிள்ளையின் சில வருடங்கள் அடங்கியிருக்கின்றன.

2. வேலை எங்கே?

• சமூக நல இலாகா: சமூக மேம்பாட்டு அதிகாரிக்குப் பட்டம் வேண்டும், உதவி அதிகாரிக்கு எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா போதும். நன்னடத்தை வேலை இங்கேதான்.
• சிறைச்சாலை இலாகா: எஸ்.பி.எம். முடித்தவர் வார்டராகச் சேரலாம். காஜாங், சுங்கை பூலோ சிறைகள் நமக்குப் பக்கம்.
• தொண்டு அமைப்புகள்: புச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம், பள்ளியை விட்ட இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்றவை. இங்கே பெறும் அனுபவம் நேர்முகத் தேர்வில் பேசும்.

அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிய வேண்டும். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் கதவு திறக்காது. அதனால் தமிழ் மட்டும் தெரிந்தால் போதாது; மலாயில் அறிக்கை எழுதவும் தெரிய வேண்டும்.

3. படிப்பு எங்கே?

பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து எட்டிய தூரம்தான். அங்கே சமூக நிர்வாகமும் நீதியும் என்ற துறை உண்டு. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கலாம். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதலே இதைக் கற்பிக்கிறது.

சம்பளம் பெரிதாக இருக்காது. திட்டு வாங்குவோம், திருந்தியவன் மறுபடி போய் விழுவதையும் பார்ப்போம். ஆனால் உழவாரப் பணிக்கு முதல் ஆளாக நிற்கிறோமே, கோயில் கல்லில் முளைத்த புல்லை எடுப்பது தொண்டு என்றால், ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் முளைத்ததை எடுப்பதும் தொண்டுதான். இதற்குப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும்.

கலந்துரையாட:
1. உங்கள் வட்டாரத்தில் பள்ளியை விட்ட தம்பிகள் எத்தனை பேர்? பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியுமா?
2. நம் கிளையில் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுவோரில் யாருக்கு இந்த வேலை பொருந்தும்? அவரிடம் யார் பேசுவது?
3. 15999, தாலியான் காசே எண். எப்போது அழைக்க வேண்டும்?