முத்திரையும் மறுமொழியும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களின்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்று திருப்பூரிலிருந்து புறப்படும் பின்னலாடைப் பொதிகளுக்குரிய விலைப்பட்டியலில், புலி இருந்த இடத்தில் விரைவுக் குறியீடு அமர்ந்திருக்கிறது.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைக் கடந்த நிறுவனங்கள், பிற வணிகர்களுக்கு விற்கும் சரக்குக்கு மின்விலைப்பட்டியல் பெறவேண்டும் என்னும் விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. விவரங்களை அரசின் வழங்கிக்கு அனுப்பினால், 64 எழுத்துகள் கொண்ட பதிவெண்ணும் மின்கையொப்பமிட்ட குறியீடும் கிடைக்கும். கணினியியலார் 'டோக்கன்' என்று வழங்கும் வில்லையின் வகையைச் சார்ந்தது இக்குறியீடு. விற்பவர், வாங்குபவர், நாள், தொகை ஆகியன இதனுள் அடங்கும். இவற்றில் ஓர் இலக்கத்தைத் திருத்தினாலும் கையொப்பம் பொருந்தாது. இணையத் தொடர்பற்ற இடத்திலும் இதனைச் சோதிக்கலாம்.

ஆயினும், போலியன்று என்பது வேறு. இப்பொழுதும் செல்லும் என்பது வேறு. பட்டியலைப் பெற்ற 24 மணி நேரத்திற்குள் விற்பவர் அதனை நீக்கிவிட இயலும். பனியன்களின் எண்ணிக்கை பிழைபட்டதால் ஒரு பட்டியல் நீக்கப்பட்டதாகக் கொள்வோம். வழங்கியின் பதிவேட்டில் அது செல்லாததாகிவிட்டது. முன்னரே அச்சிட்ட தாளோ அதனை அறியாது. அதிலுள்ள கையொப்பம் பழையபடியே பொருந்தும்! அத்தாளை நம்பி முன்பணம் கொடுப்பவர் ஏமாறுவார். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்துவரும் நேர்மையான உற்பத்தியாளரையும் ஐயுறுவார்.

ஆதலின், வழங்கியிடமே வினவுவதற்கு ஒரு வாயில் வேண்டும். அதனை எவ்வாறு அமைப்பது? ராய் பீல்டிங் 2000ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்த 'ரெஸ்ட்' முறையில், ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையுடையது. முந்தைய வினாவை வழங்கி நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. 2015 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 7662 என்னும் இணையத்தரம், பயனர் அனுமதி வில்லைகளைச் சரிபார்க்கும் நெறியைக் கூறுகிறது. அந்நெறி இங்கும் பொருந்தும். வினவுபவர் முதலில் தம்மை அடையாளப்படுத்த வேண்டும். வில்லையை இணைய முகவரியில் எழுதாமல், 'போஸ்ட்' முறையில் வேண்டுகோளின் உள்ளே வைத்து அனுப்புதல் நன்று. முகவரிகள் பதிவேடுகளில் தங்கிப் பிறர் கண்ணில் படக்கூடும். செல்லாத வில்லைக்கும் பிழைச்செய்தி வருவதில்லை. வினா முறையாகவே வந்தமையால் 200 என்னும் வழக்கமான குறியெண்ணுடன் 'செல்லாது' என்ற விடை வரும். காரணம் விரித்துரைக்கப்படாது; போலி செய்பவனுக்கு அது பாடமாகிவிடுமன்றோ?

பெற்ற விடையை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதே கடினமான வினா. முதல் 24 மணி நேரத்தில் கிடைத்த 'செல்லும்' என்னும் விடை, கிடைத்த அந்நொடிக்கே உரியது. அதன்பின் அவ்வழங்கியில் பட்டியலை நீக்க இயலாதாகையால், அதே விடையைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தலாம். சனிக்கிழமை வாரக்கூலி கொடுக்க முன்பணம் தேடும் ஆடை நிறுவனத்தார், பட்டியலை வியாழனன்றே பதிந்துவிடுதல் நன்று.